மூன்று சென்ட் இடமும் ஒரு வெள்ளைத் தாளும்

உயில் என்ற சொல்லைக் கேட்டாலே நம் தோழர்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "உயிலா! நமக்கா! ஜமீனா இருக்கிறது எழுதிவைக்க? ஆலையா இருக்கிறது பங்கு போட? இருப்பது ஒரு வீடு. அதிலும் பாதி கடன்காரனுடையது. எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுத் தேநீர்க் குவளையைக் கீழே வைக்கிறார்கள். பேச்சும் அதோடு முடிந்துவிடுகிறது.

நாமும் அப்படிச் சிரித்தவர்கள்தாம். கோவை சிங்காநல்லூரிலே ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பு நம்மிடம் இல்லை.

அந்தத் தோழரின் பெயர் இங்கே வேண்டாம். பம்ப்செட் பட்டறையிலே, லேத்தின் முன்னால், இருபது ஆண்டுக்காலம் நின்ற மனிதர். இரவு ஷிப்டு முடித்து வந்து, கண்ணைக் கழுவிக்கொண்டு, சுவரொட்டிக்குப் பசை காய்ச்ச உட்காருவார். வாங்கியது மூன்று சென்ட் இடம். கட்டியது இரண்டு அறை. போனஸ் வந்தபோது சுவர் எழும்பிற்று. சீட்டு எடுத்தபோது கூரை ஏறிற்று. துணைவியாரின் நகை அடகுக்குப் போனபோது தரை பூசப்பட்டது. நாற்பத்து மூன்று வயதிலே ஒருநாள் காலை மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. மனைவி, பதினான்கு வயது மகள், பதினோரு வயது மகன், ஊரிலே வயதான தாய், தந்தை — இத்தனை பேரை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

படத்திறப்பு நடத்தினோம். பேசினோம். கலங்கினோம். ஒலிபெருக்கிக்காரருக்குப் பணம் கொடுத்துக் கணக்கு முடித்துக் கலைந்தோம். படத்தைத் திறந்தோமே தவிர, அவர் பெட்டியைத் திறந்து பத்திரம் என்ன நிலையிலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்து மாதம் கழித்து அந்த அம்மையார் சொல்லியனுப்பினார். கடன் கழுத்தை நெரிக்கிறது; வீட்டை விற்றுவிட்டுத் தாய்வீட்டுப் பக்கம் போய் வாடகைக்கு இருந்துகொள்வதாக முடிவு. வாங்க ஆள் வந்தாயிற்று, விலையும் பேசியாயிற்று, முன்பணம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்திலே வாங்குகிறவரின் வழக்கறிஞர் பத்திரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்துவிட்டார். வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர் அல்ல, நால்வர். நால்வரில் இருவர் பிள்ளைகள். மாவட்ட நீதிமன்ற அனுமதி இல்லாமல் கிரயம் ஆகாது என்றார்.

"ஏனுங்கண்ணா, அவரு வாங்குன ஊடு, நான் நகைய வெச்சுக் கட்டுன ஊடு. இத விக்கறதுக்கு நான் கோர்ட்டுக்குப் போகோணுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார். மைக் பிடித்தால் இரண்டு மணி நேரம் பேசுகிற நமக்கு, அந்தத் திண்ணையிலே பதில் வரவில்லை.

பதிலைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டோம். தோழர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்வது இது: ஒருவன் தான் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள், ஆளுக்கொரு சமபங்கு. தந்தை அந்த வரிசையிலே இல்லை! பலருக்கு இது வியப்பாக இருக்கும். தாய்க்கு உண்டு, தந்தைக்கு இல்லை. ஆகவே அந்த மூன்று சென்ட் வீட்டிலே மனைவிக்குக் கால், மாமியாருக்குக் கால், பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து அரை.

பிள்ளைகளுக்குக் காப்பாளர் தாய்தானே, அவர் கையெழுத்துப் போட்டால் போதாதா? போதாது. அதே 1956-ஆம் ஆண்டில் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8-ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பெற்ற தாயே ஆனாலும், பெற்ற தந்தையே ஆனாலும், பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் வீட்டையோ நிலத்தையோ நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. விற்றால்? பிள்ளை பதினெட்டைத் தாண்டிய பிறகு மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு, அந்த விற்பனை செல்லாது என்று ஆக்கிவிடலாம். இந்த அச்சத்தால்தான் நியாயமான விலை கொடுக்கிறவன் பின்வாங்குகிறான்.

நியாயமானவன் விலகியதும் யார் வருகிறான்? தரகன் வருகிறான். "பெட்டிஷன் போட்டா வருசக்கணக்குல இழுக்கும் அம்மிணி. அந்தத் தொந்தரவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். பாதி விலைக்கு முடிச்சுக்கலாம், நாளைக்கே பணம்" என்கிறான். அவன் போனதும் இறந்தவரின் அண்ணன் வருகிறார். "அம்மாவோட பங்க எம் பேருக்கு எழுதச் சொல்லியிருக்கறேன். மிச்சத்தயும் பேசி முடிச்சுக்கலாம். குடும்பத்துக்குள்ள கோர்ட் எதுக்கு?" என்கிறார். பட்டறையிலே இருபது ஆண்டு இரும்பைக் கடைந்தவர் கட்டிய வீட்டை இருவர் இரு பக்கமும் நின்று கடையப் பார்த்தார்கள்.

8-ஆம் பிரிவை நாம் குறை கூறவில்லை. அது இல்லாவிட்டால் தமிழ்நாட்டிலே தகப்பனை இழந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஓர் ஓலைக் குடிசைகூட மிஞ்சியிருக்காது. சித்தப்பனும் பெரியப்பனும் என்றோ தின்றிருப்பார்கள். குற்றம் சட்டத்திலே இல்லை. ஒரு வெள்ளைத் தாளிலே, "இந்த வீடு என் மனைவிக்கு" என்று எழுதி வைத்திருந்தால், அந்த அம்மையார் தம் கையொப்பம் ஒன்றாலேயே முழு விலைக்கு விற்றிருப்பாரே! அந்தத் தாள் இல்லை. அதுதான் குற்றம்.

அந்தத் தாளுக்கு என்ன செலவு? முத்திரைத்தாள் வேண்டாம். உயிலுக்கு முத்திரைக் கட்டணமே கிடையாது. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்திலே பதிவு செய்துவிடுவது நல்லது, பின்னாளில் "கட்டிய கதை" என்று எவனும் எளிதிலே சொல்லிவிட முடியாது. எழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம். நம் தமிழிலேயே எழுதலாம். வீட்டின் புல எண், பத்திர எண், கதவு எண் தெளிவாக இருக்க வேண்டும். எழுதியவர் கையொப்பமிட வேண்டும், அல்லது பெருவிரல் வைக்க வேண்டும். அதைக் கண்ணால் கண்ட சாட்சிகள் இருவர், எழுதியவர் முன்னிலையிலே ஒப்பமிட வேண்டும். இவ்வளவுதான். சாட்சி என்றதும் தெருவிலே மூத்தவரைத் தேடிப் போகிறோம். எழுதியவருக்கு முன்பே சாட்சி போய்விட்டால் என்ன செய்வது? இளையவராய்ப் பாருங்கள். பங்கு பெறுகிறவரையே சாட்சியாகப் போடாதீர்கள். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

இன்னொன்று. பங்கு முழுவதையும் வாரிக்கொள்கிறவனே முன்னின்று, நோயாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கிய உயில் என்றால் நீதிமன்றம் புருவத்தைத் தூக்கும். ஐயத்தைப் போக்க வேண்டியது உயிலைக் கொண்டு வருகிறவன் பொறுப்பு என்று உச்சநீதிமன்றம் 1958-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. ஆகவே நல்ல உடம்போடு, நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதுங்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் உயில் எழுதுகிற இடமல்ல.

சென்னைத் தோழர்களுக்கு இங்கே ஒரு சொல். 'புரொபேட்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் முத்திரையிட்டுத் தருகிற சான்று. சென்னை நகர எல்லைக்குள் எழுதப்பட்ட அல்லது அந்த எல்லைக்குள் உள்ள வீடு நிலத்தைப் பற்றி எழுதப்பட்ட இந்துக்களின் உயில்களுக்கு அது கட்டாயம் என்று 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவு வைத்திருந்தது. கோவைக்காரனுக்கும் மதுரைக்காரனுக்கும் இல்லாத கட்டாயம் சென்னைக்காரனுக்கு மட்டும், அதுவும் நூறு ஆண்டுக்காலம்! வெள்ளையன் போன பிறகும் போகாத அந்தப் பிரிவை 2025 டிசம்பரிலேதான் நாடாளுமன்றம் நீக்கிற்று. கட்டாயம் போய்விட்டதே என்று சாட்சியைத் தொலைத்துவிடாதீர்கள். யாராவது மறுத்தால் உயிலை மெய்ப்பிக்க வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது.

இனி, சொல்லக் கூசுகிற செய்திக்கு வருவோம்.

1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே சுயமரியாதை மாநாடு கூடிப் பெண்களுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டுச் சட்டமன்றம் குடும்பச் சொத்திலே மகளுக்கும் மகனைப் போலவே பிறப்பால் பங்கு உண்டு என்று சட்டம் செய்தது. அதற்குமுன் மணமாகிப் போனவர்களுக்கு அன்று அந்த உரிமை இல்லை. 2005-ஆம் ஆண்டில் இந்தியா முழுவதற்குமான திருத்தம் வந்து அந்த வேலியையும் எடுத்தது. திருத்தம் வந்த நாளிலே தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று 2020 ஆகஸ்டிலே உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மேடையிலே இதைச் சொல்லும்போது நமக்கு எவ்வளவு கைதட்டல்! கைதட்டியவர்கள் வீட்டிலே என்ன நடக்கிறது?

சார்பதிவாளர் அலுவலக வாசலுக்கு ஒருநாள் காலை போய்ப் பாருங்கள். அண்ணன் தம்பிகள் முன்னே நிற்பார்கள்; அக்கா தங்கைகள் வேப்பமரத்தடியிலே, பிள்ளையை இடுப்பிலே வைத்துக்கொண்டு நிற்பார்கள். 'விடுதலைப் பத்திரம்' எழுதிக்கொடுக்க வந்தவர்கள்! என்ன பொருத்தமான பெயர் பாருங்கள். யாருக்கு விடுதலை, எதிலிருந்து விடுதலை? "கல்யாணத்துக்குத்தான் செய்தாயிற்றே", "நாளைக்குப் பிறந்த வீட்டு வாசற்படி வேண்டாமா" என்ற இரண்டு வாக்கியம் போதும். அரை நூற்றாண்டுப் போராட்டம் ஐந்து நிமிடத்திலே கையெழுத்தாகி விடுகிறது.

ஊரைச் சொல்லுவானேன்? நாமும் அந்த வேப்பமரத்தடிக்குப் போனவர்கள்தாம். தந்தையார் மறைந்த அடுத்த ஆண்டு. அக்காள் கையெழுத்துப் போட்டார். படித்துப் பார்க்கவில்லை, நாம் படித்துக் காட்டவும் இல்லை. வரும் வழியிலே ஒரு புடவை எடுத்துக் கொடுத்தோம். அன்று மாலையே பெண்ணுரிமை பற்றிய கூட்டம் ஒன்றிலே பேசினோம். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

உயிலும் இப்படிப்பட்ட கருவியாகிவிடுகிறது. தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால், "எல்லாம் மகனுக்கு" என்று ஒரு வரியிலே மகளை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. சட்டம் தடுக்காது. நாம் தடுக்கலாம். உயில் எழுதுங்கள் என்று சொல்லும்போதே, யார் பெயரை விடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பெண்களும் எழுத வேண்டும். இது வெறும் மரியாதைக்குச் சொல்வதல்ல. பனியன் கம்பெனியிலே தைத்துச் சேர்த்த பணத்திலே ஒரு பெண் கால் கிரவுண்டு மனை வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. உயில் எழுதாமல் இறந்தால் அந்த மனை யாருக்கு? பெற்று வளர்த்துத் தையல் கற்றுக் கொடுத்த தாய்க்கு அல்ல. கணவனின் வாரிசுகளுக்கு! 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அப்படித்தான் வரிசை போட்டிருக்கிறது. முகம் தெரியாத கொழுந்தன் வாங்கிக்கொள்வான், பெற்றவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த நிலையைப் பார்த்துத்தான் 2025 நவம்பரிலே உச்சநீதிமன்றமே, பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சட்டம் மாற வேண்டும். மாறும் வரை தாளும் பேனாவும்தான் துணை.

வங்கியிலும் பட்டறையிலும் 'நாமினி' எழுதியாயிற்றே, போதாதா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. வங்கிப் பணத்துக்கு நாமினி என்பவர் வாங்கிக்கொள்ளும் கை, உரிமையாளர் அல்ல. பணம் போய்ச் சேர வேண்டியது வாரிசுகளுக்கு. ஆயுள் காப்பீட்டிலே மட்டும், 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மனைவியையோ கணவனையோ மக்களையோ பெற்றோரையோ நியமித்தால் பணம் அவர்களுக்கே உரியது. வைப்பு நிதியிலே வேறொரு சிக்கல். வேலைக்குச் சேர்ந்த அன்று, மணமாகாத பிள்ளையாய்த் தாயின் பெயரை எழுதியிருப்பீர்கள். மணமானதும் அது செல்லாததாகி விடும். புதிதாக எழுத வேண்டும். எத்தனை பேர் எழுதினோம்? நம் சிங்காநல்லூர்த் தோழரும் எழுதவில்லை. அந்தப் பணம் கைக்கு வர ஏழு மாதம் அலைய நேர்ந்தது.

வட்டாட்சியர் தருகிற வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. அது யார் யார் வாரிசு என்று காட்டுகிற தாள்; யாருக்கு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்கிற தாள் அல்ல. வாங்கிக் கையிலே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். மகள் பெயர் விடுபடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிள்ளைகளைப் பற்றி. தாய் தந்தை இருவரும் இல்லாமற் போனால் யாரிடம் வளர வேண்டும் என்பதைப் பெற்றவர்களே உயிலிலே எழுதி வைக்கலாம். சட்டம் இடம் தருகிறது. எழுதாவிட்டால், வீடு யாருக்கு வேண்டுமோ அவன் "பிள்ளை எனக்கு வேண்டும்" என்று வந்து நிற்பான். மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வைத்துக்கொண்டு, "நமக்குப் பிறகு யார்?" என்று இரவெல்லாம் விழித்திருக்கும் பெற்றோர் நம் கிளைகளிலேயே இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆனதும் பெற்றோரின் காப்பாளர் பொறுப்பு சட்டப்படி முடிந்துவிடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகத்தான் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம். மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிலே மனுச் செய்தால் காப்பாளரை நியமித்துத் தருவார்கள். நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

வயதான தோழர்களுக்கு இரண்டே வரி. பாசத்திலே அவசரப்பட்டுச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்; உயில் உங்களுக்குப் பிறகு பேசும், செட்டில்மென்ட் இன்றைக்கே வீட்டை மாற்றிவிடும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பிள்ளை சோறு போடாவிட்டால் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

"இதற்கெல்லாம் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம்?" என்ற கேள்வி இருக்கிறது. சரியான கேள்விதான். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், சிறுவர்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பாராமலே, வழக்கறிஞரை அரசே அமர்த்தித் தர வேண்டும். இது தருமமல்ல, உரிமை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கென்று அலுவலகம் இருக்கிறது. வட்ட நீதிமன்றங்களிலும் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலே கேட்கலாம். அந்தக் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருந்ததுதான் வெட்கம்.

சிங்காநல்லூர் அம்மையாரை அங்கேதான் அழைத்துச் சென்றோம். வழக்கறிஞர் கிடைத்தார், மனுப் போட்டார். நீதிபதி கேட்டது ஒன்றுதான்: விற்பதால் பிள்ளைகளுக்கு என்ன நன்மை? கடன் பத்திரங்களைக் காட்டினார்கள், பள்ளிக் கட்டண ரசீதைக் காட்டினார்கள். அனுமதி கிடைத்தது. பிள்ளைகளின் பாதியைத் தேசிய வங்கியிலே வைப்பாகப் போட்டு, அவர்கள் பதினெட்டு வயது அடையும் வரை தொடக்கூடாது என்று நிபந்தனை. தரகன் சொன்ன பாதி விலை இல்லை. முதலிலே பேசிய விலைக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

மாமியாரின் கால் பங்கு? "பாட்டியிடம் பேசி விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்" என்று நம் தோழர்களிலேயே சிலர் சொன்னார்கள். நமக்கு நா எழவில்லை. வேப்பமரத்தடி நினைவுக்கு வந்தது. அந்த மூதாட்டி தாமாகவே வந்தார். மூத்த மகன் நீட்டிய பத்திரத்திலே கைநாட்டு வைக்க மறுத்துவிட்டதாகச் சொன்னார். "எம் பங்கு எனக்கு வேணுமுங்க. கண்ணுல சதை வளந்திருக்குது, ஆபரேசன் பண்ணோணும். அவருக்கு மாத்திரை வாங்கோணும். மிஞ்சுனா பேத்திக்கு" என்றார். அப்படியே கொடுக்கப்பட்டது.

சென்ற கிளைக் கூட்டத்திலே ஒரு கேள்வி கேட்டோம்: மணமான பிறகு வைப்பு நிதியிலே பெயர் மாற்றியவர்கள் கை தூக்குங்கள். முப்பத்தோரு பேர் இருந்தார்கள். நான்கு கை எழுந்தது. உயில் எழுதியவர்கள் என்று கேட்டபோது ஒரு கையும் எழவில்லை. கேட்ட கையும் எழவில்லை. நம் உயில் இப்போது எழுதப்பட்டுவிட்டது. தந்தையார் வீட்டிலே அக்காளின் பங்கை அவர் பெயருக்கே திருப்பி எழுதும் பத்திரமும் தயாராகிறது. அதற்கு முத்திரைச் செலவு உண்டு, தம்பியும் முகத்தைத் தூக்கிக்கொண்டிருக்கிறான், பார்ப்போம்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்திலே வழக்கறிஞர் தோழர் ஒருவர் வந்து உட்காருகிறார். கட்டணம் இல்லை. வீட்டுப் பத்திரத்தின் நகல், பட்டா, ஆதார், வைப்பு நிதிச் சீட்டு இவற்றை எடுத்து வரவும். துணைவியாரையும் அழைத்து வரவும். வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வர வேண்டாம். பெரியவர்கள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வராதீர்கள், போன தடவை பாதிப் பேர் மறந்துவிட்டார்கள்.